பாவம் பார்த்துச் செய்த பாவம்: அன்பும் அறநெறி முடிவும்



திருமணத் தயாரிப்பு வகுப்பு ஒன்றில் ஓர் இளைஞர் கேட்டார்: “ஃபாதர், எல்லாக் கட்டளைகளும் அன்பு என்கிற கட்டளைக்குள் அடங்கிவிடுகின்றன என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் அன்போடு செய்கிற எதுவும் பாவமாகாதுதானே?” மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் வேறு எதையோ நினைத்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பாட்டி சொன்ன சொற்கள் என் காதில் ஒலித்தன.

அப்போது நான் குருவாகி மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. சேலத்திற்கு மேற்கே, வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடும் ஓர் ஊரில் வீடு மந்திரிக்கப் போயிருந்தேன். திண்ணையில் இருந்த பாட்டி நம் பங்கைச் சேர்ந்தவர்தான். பேச்சுவாக்கில் அவர் சொன்னார்: “மொத ரெண்டும் பொட்டப்புள்ளைங்க சாமி. மூணாவதும் அதே ஆயிப்போச்சு. நாலு பவுன் போட வழியில்லாத ஊட்டுல அது வளந்து என்னா பாடு படப்போவுது? பாவம் பாத்துத்தான் அன்னைக்கி அப்புடிப் பண்ணிப்புட்டோம்.” (இது ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டதல்ல. அக்கம்பக்கத்தார் காதுபடவே அவர் சொல்லிவந்தது. அவர் இப்போது உயிரோடு இல்லை.)

நான் உடனே, “அது கொலைங்க பாட்டி. ஐந்தாம் கட்டளைக்கு விரோதம்” என்றேன். தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். நான் சொன்னதில் ஒரு சொல்லும் தவறில்லை. இன்றும் அதையே சொல்வேன். ஆனால் அந்த இளைஞர் கேட்ட அதே கேள்வியைத்தான் பாட்டியும் தம் வழியில் கேட்டிருந்தார் என்பது எனக்கு அன்று புரியவில்லை.

‘பாவம்’ என்ற சொல்லை நாம் இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறோம். கடவுளின் கட்டளையை மீறுவது பாவம். ‘ஐயோ பாவம்’ என்று இரங்குவதும் பாவம். பாட்டி சொன்னது இரண்டாவதை. நான் பதில் சொன்னது முதலாவதற்கு. இந்த இரண்டும் எங்கே சந்திக்கின்றன, இரக்கத்தால் செய்த ஒன்று எப்படிக் குற்றமாகிறது, அன்பை அளவுகோலாகக் கொண்டு முடிவெடுப்பது என்றால் உண்மையில் என்ன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மண்ணில் நடந்தது

பெண் சிசுக்கொலை என்றதும் பலருக்கு உசிலம்பட்டிதான் நினைவுக்கு வரும். 1986-இல் ‘இந்தியா டுடே’ இதழ் அவ்வூரைப் பற்றி அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. 1994-இல் ‘கருத்தம்மா’ திரைப்படம் அதைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசென்றது. மதுரைப் பக்கத்துக் கதை என்று நாம் சௌகரியமாக இருந்துகொண்டோம். ஆனால் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-இல் முதன்முதலாகத் தொடங்கியது நம் சேலம் மாவட்டத்தில்தான். நாமக்கல் அப்போது சேலத்தோடு சேர்ந்திருந்தது. 1997-இல்தான் தனி மாவட்டமானது. 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி, ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களுக்கும் திட்டம் விரிவாக்கப்பட்டது.

அதே 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாடு முழுவதிலும் 942 பெண் குழந்தைகள் இருந்தார்கள். சேலம் மாவட்டத்தில் 851 பேர். 2011-இல் சேலத்தின் எண்ணிக்கை 900-ஐத் தாண்டியது. மாநில சராசரியை அப்போதும் எட்டவில்லை. நம் பேராலயம் குழந்தை இயேசுவின் பெயரால் அமைந்தது என்பதை நினைக்கும்போது இந்த எண்கள் இன்னும் கனக்கின்றன.

இதைச் செய்தவர்கள் இரக்கமற்ற மனிதர்கள் அல்லர் என்பதுதான் வேதனை. வரதட்சணை, சீர், காதுகுத்து, பூப்பு நீராட்டு, தலைப்பிரசவம் என்று ஒரு பெண்ணுக்காக வாழ்நாள் முழுவதும் கடன்பட வேண்டும். நிலம் துண்டாகிப்போன குடும்பம். முன்பணம் வாங்கித் தறிக்குக் கட்டுப்பட்ட குடும்பம். “வளர்ந்து அடி வாங்கிச் சாவதைவிட இப்போதே போய்விடட்டும்” என்று சொன்னவர்கள் அழுதுகொண்டேதான் சொன்னார்கள். ஸ்கேன் வந்தபிறகு கை மாறியது, நேரம் மாறியது. பேச்சு மட்டும் மாறவில்லை. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆயினும் நம் சேலம், தர்மபுரிப் பகுதிகளில் சட்டவிரோத ஸ்கேன் செய்பவர்கள் பிடிபடும் செய்திகள் இந்த ஆண்டுகளிலும் வரத்தான் செய்கின்றன.

‘சூழ்நிலை அறநெறி’ சொல்வது

அன்பு ஒன்றே போதும் என்ற கருத்தை ஒரு முழு அறநெறிக் கொள்கையாக வகுத்தவர் ஜோசப் பிளெட்சர் (1905–1991). இவர் அமெரிக்க எப்பிஸ்கோப்பல் சபையின் குருவாக இருந்தவர். 1966-இல் ‘சூழ்நிலை அறநெறி’ என்ற பொருளில் அவர் எழுதிய நூல் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அவர் சொன்னது சுருக்கமாக இதுதான்: எல்லாவற்றுக்கும் சட்டத்தைப் பார்ப்பது ஒரு தவறு, எந்தச் சட்டமுமே வேண்டாம் என்பது மற்றொரு தவறு, நடுவழி அன்பு. தன்னிலே எப்போதும் நல்லதாக இருப்பது அன்பு மட்டுமே. கட்டளைகள் முன்னோரின் அனுபவ அறிவு; அவற்றை மதிக்கலாம், ஆனால் அன்பு கேட்டால் எந்தக் கட்டளையையும் ஒதுக்கலாம். அன்பு என்பது உணர்ச்சியன்று, பிறர் நன்மையை நாடும் மன உறுதி.

இதில் உண்மை நிறையவே இருக்கிறது. ஓய்வுநாள் மனிதருக்காகவே உண்டாக்கப்பட்டது என்று கற்பித்த ஆண்டவர் (மாற்கு 2:27), கை சூம்பியவரை ஓய்வுநாளிலேயே குணமாக்கினார். சட்டத்தைக் காட்டி மனிதரை நசுக்கும் பழக்கம் நம் பங்குகளிலும் இல்லாமலில்லை. பிளெட்சருக்கு முன்பே கத்தோலிக்க இறையியலாளர்கள் அறநெறிப் பாடத்தைப் பாவப் பட்டியலிலிருந்து மீட்டு அன்பின் மீது நிறுத்த முயன்றார்கள். நம் நாட்டில் கர்சியோங் இறையியல் கல்லூரியில் கற்பித்த பெல்ஜிய இயேசு சபைக் குரு ஜெரார்டு ஜில்மன், அறநெறி இறையியலில் அன்புக்கே முதலிடம் என்பதை நிலைநாட்டி 1952-இல் நூல் வெளியிட்டார். பெர்னார்டு ஹேரிங் 1954-இல் ‘கிறிஸ்துவின் சட்டம்’ எழுதினார். இரண்டாம் வத்திக்கான் சங்கமும், குருத்துவப் பயிற்சி பற்றிய ஏட்டில் (எண் 16), அறநெறி இறையியல் விவிலியத்தால் ஊட்டம் பெற்று, அன்பில் கனிதர வழிகாட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. ஆகவே திருச்சபை அன்பைக் கண்டு அஞ்சியது என்று யாரும் எண்ண வேண்டாம்.

ஆனால் சூழ்நிலையே முடிவான நீதிபதி என்ற போக்கைத் திருத்தந்தை 12-ஆம் பயஸ் 1952-இலேயே மறுத்தார். 1956-இல் திருச்சபை அதிகாரப்பூர்வமாகவும் அதைத் தடுத்தது. புனித இரண்டாம் யோவான் பவுல் 1993-இல் வெளியிட்ட ‘உண்மையின் மாட்சி’ சுற்றுமடல் இதற்கு விரிவான விளக்கம் தந்தது: சில செயல்கள், எந்த நோக்கத்தோடு, எந்தச் சூழலில் செய்தாலும் தம்மிலேயே தீயவை.

பிளெட்சரை நாம் நியாயமாக நடத்த வேண்டும். நம் பாட்டியின் கதையை அவரிடம் சொன்னால், அது தவறான கணக்கு, வரதட்சணையைத்தான் ஒழிக்க வேண்டும், குழந்தையை அல்ல என்று அவரே சொல்லியிருக்கலாம். இருந்தாலும் அவருடைய முறை எங்கே கொண்டுபோகும் என்பதை அவரே காட்டிவிட்டார். 1978-இல் வெளியான ஒரு நூலில், கடும் குறைபாட்டோடு பிறக்கும் சிசுவின் உயிரை முடிப்பதை அன்பு கொண்ட அக்கறையின் பெயரிலேயே அவர் நியாயப்படுத்தி எழுதினார். அமெரிக்கப் பேராசிரியரும் எழுத்தறியாத நம் பாட்டியும் ஒரே வாசலில் வந்து நிற்கிறார்கள்.

புனித அகுஸ்தினார் சொன்னது என்ன?

இந்த இடத்தில் யாராவது புனித அகுஸ்தினாரைத் துணைக்கு அழைப்பார்கள். அன்பு இருந்துவிட்டால் பிறகு மனம்போல் செய்யலாம் என்று அவர் சொன்னார் அல்லவா என்பார்கள். சொன்னார், யோவானின் முதல் திருமுகம் பற்றிய ஏழாம் மறையுரையில். ஆனால் அதற்கு முன்னே என்ன சொன்னார் என்று பார்க்க வேண்டும். ஒரு தந்தை மகனை அடிக்கிறார். குழந்தைகளைக் கடத்தி விற்பவன் குழந்தையைக் கொஞ்சுகிறான். வெளியே பார்த்தால் அடி கொடுமை, கொஞ்சல் அன்பு. உள்ளே பார்த்தால் தலைகீழ். அதுபோலவே, தந்தையாம் கடவுளும் தம் மகனைக் கையளித்தார், யூதாசும் கையளித்தான்.

ஆக, கனிவாகத் தெரிவதெல்லாம் அன்பல்ல என்பதுதான் அவர் பேச்சின் சாரம். நாம் அதைத் திருப்பிப் போட்டு, கனிவு இருந்தால் போதும் என்று ஆக்கிவிட்டோம். பாட்டியின் கண்ணீர் உண்மையானதுதான். கண்ணீர் உண்மை என்பதால் செயல் அன்பாகிவிடாது.

ஒரு குடம் பாலில் ஒரு துளி

புனித தாமஸ் அக்குவினாஸ் ஒரு செயலின் நன்மை தீமையை மூன்று கோணங்களில் பார்க்கச் சொல்கிறார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் (எண்கள் 1750–1756) அதையே கற்பிக்கிறது. நான் தேர்ந்துகொள்ளும் செயல் என்ன? எதற்காகச் செய்கிறேன்? எந்தச் சூழலில் செய்கிறேன்? மூன்றும் நன்றாக இருந்தால்தான் செயல் நல்லது. ஒன்று கெட்டாலும் முழுதும் கெடும். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும் என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வார்களே, அதே கணக்கு.

‘செயல்’ என்பதை உடல் அசைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓர் உதாரணம் சொல்கிறேன். தம்பிக்காக அண்ணன் சிறுநீரகம் தருகிறார். இன்னொருவர் கடன் தொல்லையில் தரகர் மூலம் சிறுநீரகத்தை விற்கிறார். இரண்டும் ஒரே அறுவைச் சிகிச்சைதான். முதலாவது கொடை, திருச்சபை அதைப் போற்றுகிறது. இரண்டாவது, மனித உடலைச் சரக்காக்கும் வியாபாரம். 2025-இல் பள்ளிபாளையம் பகுதி விசைத்தறித் தொழிலாளர்களைப் பற்றி வந்த செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள். பிள்ளைகளைக் காப்பாற்ற என்ற அன்பின் காரணம் விற்றவரிடம் இருந்தது. அந்த அன்பை வாங்கி விற்றவர்கள் வேறு. விற்றவரைவிட, விற்கும் நிலைக்குத் தள்ளியவர்கள் மேல்தான் பெரும் பாரம் விழுகிறது என்பது என் கருத்து.

திரும்பவும் பாட்டியின் வீட்டுக்கு வருவோம். அவருடைய நோக்கம்: துன்பத்திலிருந்து விடுதலை. சூழல்: வறுமை, ஊர்ப்பேச்சு. தேர்ந்துகொண்ட செயல்: மாசற்ற ஒரு மனித உயிரை எடுப்பது. பவுலடியாரின் காலத்திலேயே, நன்மை விளையத் தீமை செய்யலாம் என்று கிறிஸ்தவர்கள் போதிப்பதாக ஒரு பழி இருந்தது. அவர் அதைக் கடுமையாக மறுக்கிறார் (உரோமையர் 3:8). அன்பே திருச்சட்டத்தின் நிறைவு என்று எழுதியவரும் அவரே (உரோமையர் 13:8–10). அந்தப் பகுதியை எடுத்து வாசித்துப் பாருங்கள். அன்பைப் பற்றிச் சொல்லும் அதே மூச்சில் கொலை, களவு, விபசாரம் ஆகியவற்றுக்கு எதிரான கட்டளைகளையும் வரிசையாகச் சொல்கிறார். அவை அன்புக்குப் போட்டியாக நிற்பவை அல்ல. அன்பு எதைச் செய்யவே செய்யாது என்பதைச் சொல்பவை.

அறையில் இல்லாதவர்

இதை இன்னும் எளிதாகப் புரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அன்றிரவு அந்த வீட்டில் நடந்த ஆலோசனையை நினைத்துப் பார்க்கிறேன். தந்தையின் கடன் அங்கே பேசப்பட்டிருக்கும். மூத்த இரண்டு பெண்களின் எதிர்காலம் பேசப்பட்டிருக்கும். மாமியாரின் பயம், உறவினரின் ஏளனம் எல்லாம் பேசப்பட்டிருக்கும். பெற்றவள் பேசியிருப்பாளா என்பது சந்தேகம். எல்லாருடைய கஷ்டமும் கணக்கில் வந்தது. யாருக்காக என்று சொல்லி முடிவெடுத்தார்களோ, அந்தக் குழந்தை மட்டும் அந்தப் பேச்சில் இல்லை. அதற்காக அழுதார்கள், அதனிடம் கேட்கவில்லை. கேட்க முடியாது.

கொலை செய்யாதே என்ற கட்டளை அந்த அறையில் அந்தக் குழந்தையின் இடத்தில் நிற்கிறது. பேச முடியாதவருக்காக அது பேசுகிறது. அன்பு என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், கணக்குப் போடுகிறவர் எப்போதும் வலியவராகவே இருப்பார். மெலிந்தவருடைய பங்கை அவர் தம் கண்ணால்தான் அளப்பார். கட்டளை இல்லாத அன்பு இங்கேதான் சறுக்குகிறது.

இன்னொரு அடையாளமும் உண்டு: செலவு யாருடையது? நல்ல சமாரியர் காயப்பட்டவரைக் கண்டு பரிவு கொண்டார். எண்ணெயும் திராட்சை மதுவும் அவருடையவை, விலங்கு அவருடையது, சாவடிக்காரரிடம் கொடுத்த 2 தெனாரியம் அவருடையது, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னார் (லூக்கா 10:30–37). ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. பாவம் பார்த்தவர் கைக்காசைச் செலவழித்தார். பாட்டி வீட்டில் பாவம் பார்க்கப்பட்டவளே முழு விலையும் கொடுத்தாள்.

அந்த இளைஞர் இப்போது என்னிடம் கேட்டால் இப்படித்தான் சொல்வேன்: தம்பி, அன்போடு செய்கிறேன் என்று சொல்லுமுன் அதன் செலவை யார் கட்டுகிறார் என்று பாருங்கள். காதல் விஷயத்திலும் அதே கணக்குதான்.

தொட்டில்

கட்டளை எல்லையைக் காட்டுகிறது. எல்லைக்கு இந்தப்பக்கம் என்ன செய்வது என்பதை அன்புதான் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே அதற்கு அளவில்லாத வேலை இருக்கிறது.

விடுதலைப் பயண நூலின் முதல் இரண்டு அதிகாரங்கள் சிசுக்கொலையைப் பற்றியவை. பிறக்கும் ஆண் குழந்தைகளைக் கொல்லும்படி பார்வோன் சிப்ரா, பூவா என்ற மருத்துவப் பெண்களுக்குக் கட்டளையிடுகிறான். அவர்கள் செய்ய மறுத்து, அவனிடம் ஒரு சாக்கும் சொல்கிறார்கள். கடவுள் அவர்களுடைய பொய்க்கு அல்ல, இரக்கத்துக்கே கைம்மாறு தந்தார் என்று புனித அகுஸ்தினார் விளக்குவார். அடுத்த அதிகாரத்தில் ஒரு தாய், மகனை வைத்துக்கொள்ளவும் முடியாமல், சாகக் கொடுக்கவும் மனமில்லாமல், பேழை ஒன்றுக்கு நிலக்கீல் பூசி நாணலிடையே வைக்கிறாள். அக்காள் சற்றுத் தள்ளி நின்று பார்க்கிறாள். சாலமோனிடம் வழக்காடிய இரண்டு பெண்களில் (1 அரசர் 3:16–28) உண்மையான தாய் யார் என்பதும் இப்படித்தான் தெரிந்தது. குழந்தை எனக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உயிரோடிருந்தால் போதும் என்றவளே தாய்.

அன்புக்காக விட்டுக்கொடுப்பதும் அன்பு என்று உயிரை எடுப்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். இரண்டு வீட்டிலும் குழந்தை இல்லாமல் போகிறது. ஆனால் ஒன்றில் தாய் இழக்கிறாள், குழந்தை பிழைக்கிறது. மற்றதில் குழந்தை இழக்கிறது.

திருச்சபையின் வரலாற்றில் இந்தத் தொட்டில் புதிதல்ல. பச்சிளங்குழந்தைகளை வெளியே எறிவது உரோமைப் பேரரசில் சாதாரண வழக்கமாயிருந்த காலத்திலேயே, மிகப் பழைய கிறிஸ்தவ ஏடான ‘திதாக்கே’ சிசுவைக் கொல்லுதலைத் தடை செய்தது. டைபர் ஆற்று மீனவர்களின் வலையில் குழந்தைகளின் உடல்கள் சிக்கியதைக் கேட்டு, 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை 3-ஆம் இன்னொசென்ட் உரோமைத் தூய ஆவி மருத்துவமனையின் சுவரில் சுழலும் பெட்டி ஒன்றை வைக்கச் செய்தார் என்பது மரபு. வெளியே நின்று குழந்தையை வைத்துச் சுழற்றினால் உள்ளே இருப்பவர் எடுத்துக்கொள்வார். வைத்தவர் முகம் தெரியாது. புனித வின்சென்ட் தே பவுல் 1638-இல் பாரிசில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான பணியைத் தொடங்கினார்.

நம் மாவட்டத்துத் தொட்டில் திட்டத்திற்கு விமர்சனம் இல்லாமலில்லை. பெண் குழந்தை என்றால் அரசாங்கத்திடம் விட்டுவிடலாம் என்ற எண்ணத்தை அது வளர்க்கிறது, தகப்பனும் வரதட்சணை கேட்ட வீட்டாரும் கேள்வியின்றித் தப்பிக்கிறார்கள் என்று சொன்னார்கள். அது சரிதான். ஆயினும் ஆயிரக்கணக்கான பெண்கள் இன்று எங்கோ ஒரு வீட்டில் மகளாக வாழ்கிறார்கள். இந்தத் திட்டத்தை நான் அரைகுறை நன்மை என்பேன். ஆனால் அரைகுறை என்பதற்காக அதைத் தாழ்த்திப் பேச எனக்கு மனமில்லை.

ஒரு செய்தி பலருக்குத் தெரியாது. குழந்தையை வளர்க்க இயலாத பெற்றோர் மாவட்டக் குழந்தைகள் நலக்குழுவிடம் ஒப்படைத்தால், மனம் மாறித் திரும்பப் பெற்றுக்கொள்ள 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இரண்டு மாத காலம் தருகிறது. 1098 என்ற எண்ணில் எந்நேரமும் உதவி கேட்கலாம். குழந்தையை ஒப்படைத்த தாயைப் பற்றி நம் தெருவில் பேச்சு வருமானால், அந்தப் பேச்சு அடுத்த தாயைத் தொட்டில் பக்கம் போகவிடாமல் தடுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். யோசேப்பு நேர்மையாளர் என்று மத்தேயு சொல்கிறார் (1:19). சட்டம் தெரிந்தவர் அவர். மரியாவை ஊர் முன் நிறுத்த விரும்பாமல் மறைவாக ஒரு வழி தேடினார். வானதூதர் வருவதற்கு முன்பே அவர் எடுத்த முடிவு அது.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது. நம் வீடுகளில் அது எந்த அளவில் நடைமுறையில் இருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. பவுன் எவ்வளவு என்று தெரிந்தே திருமணத் திருப்பலி நிறைவேற்றியிருக்கிறேன். அதற்கு எதிராக மறையுரையும் வைத்திருக்கிறேன். மூன்றாவது பெண் பிறந்த வீட்டில் அன்றிரவு நடந்த ஆலோசனையில், அந்தத் திருமணங்களுக்கும் ஒரு குரல் இருந்தது.

குற்றமும் குற்றவாளியும்

செயல் தீயது என்று சொல்வதும், செய்தவர் எந்த அளவுக்குப் பொறுப்பு என்று சொல்வதும் வேறு வேறு. அறியாமை, அச்சம், கட்டாயம், பழக்கம் ஆகியவை பொறுப்பைக் குறைக்கலாம், சில வேளை நீக்கவும் செய்யலாம் என்று மறைக்கல்வி (எண் 1735) கூறுகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் ‘அன்பின் மகிழ்வு’ ஏட்டில் தேர்ந்து தெளிதல் பற்றிப் பேசியபோது இதையே நினைவூட்டினார். கட்டளை தளர்ந்துவிட்டது என்று சிலர் அதைப் படித்தார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. புனித இரண்டாம் யோவான் பவுல் 1995-இல் எழுதிய ‘வாழ்வின் நற்செய்தி’யில், கருக்கலைப்பின் பொறுப்பு தாயோடு நிற்பதில்லை, தந்தைக்கும் குடும்பத்தாருக்கும் சமூகத்துக்கும் பங்கு உண்டு என்கிறார் (எண் 59). கருக்கலைப்பு செய்து வருந்தும் பெண்களிடம், நம்பிக்கையை விட்டுவிடாதீர்கள் என்று தந்தையைப்போல் பேசுகிறார் (எண் 99). 2016 நவம்பர் முதல், கருக்கலைப்புப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரம் எல்லாக் குருக்களுக்கும் நிலையாகத் தரப்பட்டுள்ளது. ஆயரிடம் போக வேண்டுமோ என்று தயங்கிக்கொண்டிருப்பவர்கள் யாரேனும் இருந்தால், உங்கள் பங்குத்தந்தையிடமே வரலாம்.

அந்தப் பாட்டியிடம் நான் இரண்டாம் முறை போனது அடுத்த ஆண்டு மந்திரிப்பின்போது. இந்த முறை திண்ணையில் உட்கார்ந்தேன். அன்றைக்கு யாராவது, கொண்டா நாங்க வளத்துக்கறோம்னு சொன்னாங்களா பாட்டி என்று கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். “ஒருத்தரும் சொல்லலீங்க சாமி. கோயில்லயிருந்தும் யாரும் வந்து கேக்கல. கேட்டிருந்தா குடுத்திருப்பமோ என்னமோ.” பிறகு அவர் ஒன்று கேட்டார். ஞானஸ்நானம் பெறாமல் போன பிள்ளை இப்போது எங்கே இருக்கும்? இப்படிப்பட்ட குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கவே திருச்சபை கற்பிக்கிறது (மறைக்கல்வி எண் 1261). 2007-இல் அனைத்துலக இறையியல் குழுவும் அவர்களுடைய மீட்பை நம்புவதற்குப் போதிய அடிப்படை உண்டு என்று அறிக்கை வெளியிட்டது. அந்த அறிக்கை அப்போது வரவில்லை. எனக்குத் தெரிந்த அளவில், கடவுளிடம் இருக்கிறாள் பாட்டி என்றேன்.

அவர் இறந்தபோது நான் வேறு பங்கில் இருந்தேன். முப்பதாம் நாள் பூசைக்கு மருமகள் வந்து, மாமியாரின் பெயரோடு இன்னொரு பெயரும் சேர்க்க வேண்டும் என்றார். பெயர் என்ன என்று கேட்டேன். வைக்கவில்லை என்றார். பூசைக் கருத்து நோட்டில் ‘மூன்றாவது மகள்’ என்று எழுதிக்கொண்டேன்.